நிறுத்திவிட்டுக் கியர் மாற்றுகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், தடாகம் ரோட்டு மேட்டுக்கு முன்னால் நீங்கள் அத்தனை பேரும் சைக்கிளை ஓரங்கட்டி இறங்கி நின்றீர்களே, அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களில் ஒருவர் மில்லில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பவுண்டரி வைத்து நடத்தியவர். ஒரு அம்மா பல் டாக்டர். மூட்டுக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது என்று பிள்ளைகள் ஆளுக்கொரு ரோடு பைக்கை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் மேடு வந்தால் இறங்கி, நின்ற இடத்திலேயே லீவரை டக் டக்கென்று தட்டிவிட்டு, ஏறி ஒரு மிதி மிதிக்கிறீர்கள். செயின் கறகறவென்று கதறுகிறது. உடனே கம்பெனியைத் திட்டுகிறீர்கள். மிதித்துக்கொண்டே மாற்றுங்கள், மிதித்துக்கொண்டே மாற்றுங்கள் என்று உங்களோடு ஓட்டி வந்த நான் தொண்டை வறளக் கத்தினேன். பவுண்டரிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓடற மெஷின்ல கைய வெக்கச் சொல்றீங்களே, நல்லாருக்குதுங்க உங்க நாயம்" என்றார்.

அந்த வசனத்தை நான் பதின்மூன்று வயதில் ஒரு கோடை முழுக்கக் கேட்டிருக்கிறேன். இந்தக் கோயம்புத்தூர்க்காரர்களிடம் ஒரு சைக்கிளைக் கொடுத்தால், அதை ஓட்டுவதற்கு முன்னால் அதற்குள் இரும்பு கடைகிற ஒரு லேத்தைப் பார்த்துவிடுகிறார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார்.

எனக்குத் தெரட்டிச் சீர் செய்த வருஷம் அது. எட்டாவது முடித்திருந்தேன். பெண் பெரியவளானதற்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டுமே, அம்மாவின் தம்பி அப்போது கப்பலில் வேலையாக இருந்தார். வந்தார். மேளத்துக்குப் பின்னால் தாம்பாளங்கள் வரிசையாக வந்தன. தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, கண்ணாடி வளையல். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு நீலநிறச் சைக்கிளை இரண்டு பேர் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதில் செண்டுமல்லி மாலை. சீட்டில் சந்தனமும் குங்குமமும்.

"இதென்னுங்க, கெடாக் கொம்பாட்டம்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, மைக்செட்டையும் மீறிச் சொன்னார்: "ஒரு தங்கக் கொடி செஞ்சிருந்தாக் கழுத்துல போட்டுக்குவா. இதை எங்கீங்க போட்டுக்கறது?"

மாமன் அதைக் காதில் வாங்கவில்லை. என்னைச் சீட்டில் உட்காரவைத்து, கீழ்க் குழாயில் இருந்த இரண்டு சிறு லீவர்களைக் காட்டினார். "கியரப் போட்டா மேடே தெரியாது அம்மணி" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் கப்பலுக்குப் போய்விட்டார். எப்படிப் போடுவது, எப்போது போடுவது என்று அத்தனை ஒறம்பரைச் சொந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் அந்த மனுஷன் மேல் கோபம் வருகிறது.

சைக்கிள் எனக்கு விளையாட்டுப் பொருள் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. ஒன்பதாவதுக்குப் பெரியநாயக்கன்பாளையம் போக வேண்டும். நடுவில் கருப்பராயன் கோயில் மேடு இருந்தது. ஒரு பக்கம் கல்லுக்குழி, இன்னொரு பக்கம் முள்ளுக்காடு, நடுவில் ஜல்லி லாரிகள். பஸ் நிரம்பி வழிந்துகொண்டு வரும், எங்கள் ஊரில் நிற்காது. தாராபுரத்தில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பேசி வைத்துவிட்டார் அப்பா. எனக்கு ஒரு தகரப்பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. அதன் பச்சைப் பெயிண்ட் வாடை வீடு முழுக்க இருந்தது. அந்த வாடை வந்தாலே எனக்கு அழுகை வந்தது. அம்மாவை விட்டு ஒரு ராத்திரி தூங்கியதில்லை நான்.

அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினேன். கருப்பராயன் கோயில் மேட்டை எங்கும் இறங்காமல், கால் ஊன்றாமல், நான் சைக்கிளில் ஏறிக் காட்டினால் தாராபுரம் வேண்டாம்.

"எறங்கித் தள்ளிட்டுப் போற பேச்சே இல்ல" என்றார். "அந்தக் கல்லுக்குழிக்கிட்ட நீ நின்னு தள்ளறத நெனச்சுட்டு நான் இங்க லேத்துல நிக்க முடியாது கண்ணு. ஏறோணும், ஒரே மூச்சுல ஏறோணும்."

ஏறலாம். கியர் சைக்கிள் அதற்குத்தானே இருக்கிறது. ஆனால் கற்றுக்கொடுக்க அப்பா கிளம்பிவிட்டாரே.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற லேத்துப் பட்டறை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் பட்டறை, பின்னால் நாங்கள், பக்கத்து வீட்டில் பெரியப்பா. சோற்றில்கூட லேத்து எண்ணெய் வாடை அடிக்கும். கடைசல் இரும்பு சுருள் சுருளாக வாசல் வரைக்கும் வந்து கிடக்கும், செருப்பில்லாமல் நடந்தால் குத்திவிடும். அந்தப் பட்டறையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். பின்சக்கரத்தில் அடுக்கி வைத்த பல்சக்கரங்களைப் பார்த்தார். லீவரை ஆட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு அம்மணி. மெஷினுன்னா எல்லாம் ஒண்ணுதான். லேத்தா இருந்தா என்ன, சைக்கிளா இருந்தா என்ன. கியர மாத்தோணும்னா மொதல்ல நிறுத்தோணும். நின்னுபோச்சான்னு பாக்கோணும். அப்பறந்தான் கைய வெக்கோணும். ஓடறப்பத் தொட்டது தெரிஞ்சுது, சைக்கிளத் தூக்கி அட்டாலிப் பரண்மேல போட்டுப்போடுவேன்."

லேத்துக்கு அது சரி. முழுக்க முழுக்கச் சரி. லேத்தில் ஓடும்போது கியரைத் தொட்டால் பல் உடையும், கையும் போகும். ஆனால் இந்தச் சைக்கிளில் செயின் ஓடினால்தான் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். நின்றால் தாவாது. லீவரை மட்டும் இழுத்துவிட்டு ஏறி மிதித்தால், மேட்டின் பாரம் முழுக்கச் செயின் மேல் இருக்கும்போது அது தாவப் பார்க்கும். கறகறக்கும், எகிறும், கழன்று விழும். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆகவே அந்தக் கோடை இப்படிப் போனது. காலையில் அப்பாவின் பழைய காக்கியில் அம்மா தைத்துக் கொடுத்த பேன்ட்டை மாட்டிக்கொண்டு நான் முன்னால், மொபெட்டில் அப்பா பின்னால். மேட்டடியில் நிற்பேன். இறங்குவேன். "நின்னுபோச்சா?" என்பார். "நின்னுபோச்சுங்கப்பா." "இப்ப மாத்து." மாற்றுவேன். ஏறி மிதிப்பேன். மேட்டில் நிற்கிற ஆலமரம் வரைக்கும் போவதற்குள் செயின் கழன்று தொங்கும். கால் வெற்றாகச் சுற்றும். நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து புழுதியில் நிற்பேன். லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே போவான். கையெல்லாம் கிரீஸ். முகத்தைத் துடைத்தால் முகமெல்லாம் கிரீஸ்.

சாயந்திரம் பட்டறையில் ரிப்பேர் நடக்கும். செயின் நீளம் என்று கண்ணியை எடுத்தார். இறுகிப்போய்ப் பின்சக்கரம் அசையவில்லை. எடுத்ததைத் திரும்பப் போட்டார். செயினை ஆட்டுவிக்கிற அந்தத் தொங்கும் கை வளைவு என்று அதை நெம்பினார். அது வளையாமல்தான் இருந்தது, நெம்பியதில் வளைந்தது. பிறகு அதை நிமிர்த்த ஒரு நாள். சைக்கிளைச் செய்தவனுக்கு ஒன்றுமே தெரியாது என்கிற மாதிரி ஒவ்வொரு திருகாகத் திருகினார். நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சைக்கிள் கடைக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார். "இந்தச் செயினு நோஞ்சானுங்க. நம்ம ரோட்டுக்கு ஆகாதுங்க. இத்தனையுங் கழட்டிப்போட்டு ஒத்தச் சக்கரமா மாட்டிப்போடலாங்க."

"சீர் வந்த பொருளுங்க அது" என்றார் அப்பா. "கழட்டிப்போட்டா மச்சான் மொகத்துல எப்படீங்க முழிக்கறது?"

நல்லவேளை, அந்த ஒரு விஷயத்தில் சம்பிரதாயம் என்னைக் காப்பாற்றியது.

பெரியப்பா மட்டும் அந்தச் சைக்கிள் பக்கமே வரமாட்டார். அவருக்கு வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. டீ கிளாசை மிச்ச விரல்களில் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்பார். அப்பா பெடலைச் சுற்றிப் பல்சக்கரம் உருண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். "பெரியப்பா, நீங்களாச்சும் வந்து பாருங்க" என்று நான் கூப்பிட்டால், "எனக்கெதுக்கு சாமி" என்று போய்விடுவார். விரல் மெஷினில் போனது என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். எப்படி என்று யாரும் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, பெரியப்பா போன பிறகு பெரியம்மா சொன்னார். அவர்களுடைய முதல் லேத்து ஒரு பழைய மெஷின். கியர் மூடி கிடையாது. ஒரு நாள் வேலையை முடித்து லாரியில் ஏற்ற வேண்டிய அவசரம். நிறுத்திவிட்டு மாற்றலாம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். பின்னாலிருந்து அப்பாதான், "நிறுத்தாதீங்கண்ணா, நேரமாச்சு, அப்படியே மாத்துங்க" என்றாராம். அதற்கப்புறம் அண்ணன் தம்பி இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லையாம். அண்ணன் ஒரு வார்த்தை குறைசொன்னதும் இல்லையாம்.

இதை யாராவது எனக்கு அந்தக் கோடையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் வாயா கோணிவிடும்? எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஆளாளுக்கு முழுங்கிவிட்டு, பிள்ளைகளிடம் சட்டத்தை மட்டும் சொல்வார்கள்.

கியர் எனக்குப் பிடிபட்டது தற்செயலாகத்தான். வலது லீவரில் வளையம் வைத்த ஒரு சின்னத் திருகு உண்டு. லீவரை இழுத்த இடத்தில் நிறுத்துவது அதுதான். அப்பா தினமும் கழற்றி மாட்டியதில் அது லூசாகிவிட்டது. ஒரு நாள் கோயிலுக்கு இந்தப் பக்கம் சமதரையில் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பெடல் கனத்தது. குனிந்து பார்த்தால், லீவர் தானாக நழுவி முன்னால் போயிருந்தது. செயின் சின்னப் பல்சக்கரத்துக்கு மாறியிருந்தது. கறகறப்பு இல்லை, எகிறல் இல்லை. மாறியதே தெரியவில்லை.

பயந்துகொண்டேதான் கையை நீட்டினேன். மிதித்துக்கொண்டே லீவரை மெல்ல இழுத்தேன். பின்னால் சரசரவென்றது. இன்னும் ஒரு நூல் இழுத்தேன். சத்தம் அடங்கியது, கால் லேசானது. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அந்த முள்ளுக்காட்டு ஓரமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். சரசரத்தால் இன்னும் கொஞ்சம், அடங்கினால் போதும். இதில் அவ்வளவுதான் வித்தை. அப்படி இழுத்து இழுத்து விளையாடியதில் திருகு எங்கேயோ தெறித்து விழுந்துவிட்டது. நெருஞ்சி முள்ளில் மண்டி போட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை.

அப்பா திட்டவில்லை. லேத்தில் நின்று பித்தளையில் புதுத் திருகு ஒன்று கடைந்தார். விரல் நழுவாமல் இருக்கத் தலையில் வரிவரியாகக் கோடு போட்டார். பொன்னிறத்தில் பித்தளைத் தூள் அவர் முழங்கை மயிரில் ஒட்டியிருந்தது. சைக்கிளோடு வந்த திருகைவிட அது பல மடங்கு நன்றாக இருந்தது, மாட்டியபோது கச்சிதமாக உட்கார்ந்தது. சைக்கிள் எப்போதோ போய்விட்டது, போகட்டும். அந்தத் திருகை எடுத்து வைக்காமல் போனோமே என்று இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

அந்தச் சந்தோஷத்தில் உளறிவிட்டேன். "ஏனுங்கப்பா, ஓட்டறப்ப மாத்துனாத்தானுங்க அது மாறுது. நான் பாத்தனுங்க."

அப்பாவின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "ஓடறப்பத் தொட்டயா?" என்றார். பதில் சொல்வதற்குள் கட்டுக்கம்பி எடுத்து இரண்டு லீவரையும் குழாயோடு சேர்த்துச் சுற்றி முறுக்கிவிட்டார். செயின் நடுச் சக்கரத்தில் கிடந்தது. "இப்படியே ஏறு. முடிஞ்சா ஏறு. இல்லாட்டித் தாராபுரம்."

நடுச் சக்கரத்தில் அந்த மேட்டை நான் ஏற முடியாது. அவருக்கும் தெரியும். நான் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். அம்மா பெட்டிக்குள் என் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அம்மா மேலும் எனக்குக் கோபம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுக்கப் போனால் கம்பியைக் காணோம். அப்பா பார்த்துவிட்டார்.

"எவ அவுத்தது இதை?"

"நாந்தானுங்க" என்றார் அம்மா, புறக்கடையிலிருந்து. "கொடி அறுந்துபோச்சு. ஈரத்துணி அப்படியே கெடக்குது. உங்க பட்டறையில ஒரு மொழக் கம்பி கேட்டாத் தர்றீங்களா? அதான் எடுத்துக்கிட்டனுங்க."

கொடியில் ஒரே ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். வழி நெடுக, "அதத் தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேட்டடியில் நான் நிற்கவில்லை. ஆலமரம் வரைக்கும் நடுச் சக்கரத்திலேயே போனேன். தொடை நடுங்க ஆரம்பித்தது. வேகம் குறைந்து சைக்கிள் ஆட ஆரம்பித்தது. வலது கையைக் கீழே கொண்டுபோனேன்.

"நிறுத்து! அம்மணி, நிறுத்து! நிறுத்திப்போட்டுத் தொடு!"

மொபெட் ஹார்ன் விடாமல் அடித்தது. நான் பெடலை விடாமல் மிதித்தேன். பித்தளைத் திருகு விரலில் பட்டது. இழுத்தேன். சரசரவென்றது. இன்னும் ஒரு நூல். அடங்கியது. கால் லேசானது. லீவர் நழுவவில்லை, வைத்த இடத்தில் நின்றது. கல்லுக்குழியைத் தாண்டினேன். கோயில் வேல் தெரிந்தது. மூச்சு நெஞ்சில் முட்டியது. கோயில் திட்டில் சக்கரம் இடிக்கிற வரைக்கும் நான் காலை ஊன்றவில்லை.

அப்பா மொபெட்டை ஸ்டாண்டு போடாமல் அப்படியே கீழே விட்டுவிட்டு ஓடிவந்தார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் வலது கையைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கையை விரித்தார். கட்டை விரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக, நுனி வரைக்கும் தடவிப் பார்த்தார். பிறகு இடது கையையும்.

குனிந்து லீவரைப் பார்த்துக்கொண்டு, "திருகு நின்னுதா?" என்றார்.

"நின்னுதுங்கப்பா."

"நிக்கும். நாங் கடஞ்சதாச்சே." திட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தப் பொட்டியில பருப்பக் கொட்டி வெக்கச் சொல்லு உங்கம்மாள."

தாராபுரம் அதோடு முடிந்தது. ஆனால் சட்டம் முடியவில்லை. நான் அந்தச் சைக்கிளில் போய்ப் படித்து முடிக்கிற வரைக்கும், ஓடும்போது கியரைத் தொடுவது தப்பு என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஏறிக் காட்டியும் ஒப்புக்கொள்ளாத ஆளை என்ன செய்வது? தினமும் சாயந்திரம் நான் வருகிற நேரத்துக்கு லேத்தை நிறுத்திவிட்டுப் பட்டறை வாசலில் வந்து நிற்பார். தெருமுனையில் திரும்பும்போதே நான் கைப்பிடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, பத்து விரலையும் விரித்து உயரக் காட்டுவேன். பார்த்துவிட்டு உள்ளே போய் மெஷினைப் போடுவார். அந்தக் கடைசல் இரும்புச் சுருள் கிடக்கிற தெருவில் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுவதுதான் ஆபத்து என்று அந்த மனுஷனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.